பட்டைக்குள்ளே பிறக்கும் புதுப் பட்டை

மூவார் வட்டாரத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளர் யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. கத்தியால் சீவி நீக்கப்பட்ட பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. பழைய வெட்டுமுகத்திலேயே மறுபடியும் பால் எடுக்கிறோம். இப்புதுப் பட்டை எங்கிருந்து வருகிறது?

மரமாயினும் மனிதனாயினும் உடல் உயிரணுக்களால் ஆனதே. 1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் உருப்பெருக்கியின் வழியே நோக்கி, 'சிற்றறை' என்னும் பொருள்பட இதற்குப் பெயர் சூட்டியது, தக்கை மரப்பட்டையின் மெல்லிய சீவல் ஒன்றைக் கண்டுதான். பட்டை சீவுவோர்க்கு இஃது இனிய செய்தியன்றோ!

உயிரணு வெறுமையிலிருந்து தோன்றுவதில்லை. முன்னரே உள்ள ஒன்று இரண்டாகப் பிரிவதாலேயே புதியது பிறக்கிறது. ரப்பர் மரத்து உயிரணுவின் கருவில், பரம்பரைப் பண்புகளைத் தாங்கிய 36 குரோமோசோம்கள் உள்ளன. பிரியுமுன் ஒவ்வொன்றும் தன்னைப்போல் ஒரு படியை உண்டாக்கிக்கொள்ளும். பின்னர் அவை நடுவில் அணிவகுத்து, இணைகள் பிரிந்து எதிரெதிர் முனைகளுக்குச் செல்லும். இடையே ஒரு சுவர் எழும். பிறக்கும் சேய் அணுக்கள் இரண்டிலும் 36 குரோமோசோம்கள் குறையாதிருக்கும்.

கட்டைக்கும் பட்டைக்கும் இடையே 'கேம்பியம்' எனப்படும் மிக மெல்லிய வளர்படை ஒன்றுண்டு. இடைவிடாது இப்பிரிவினை நிகழும் இடம் அதுவே. அது உட்புறம் ஈனும் அணுக்கள் கட்டையாகின்றன. வெளிப்புறம் ஈனுபவை பட்டையாகின்றன. பட்டையில் சேர்ந்தவற்றுள் சில, ஒன்றோடொன்று பொருந்தி, இடைச்சுவர் கரைந்து, பால்குழாய்களாக மாறுகின்றன.

பால்குழாய்கள் வளர்படையை அடுத்தே மிகுந்துள்ளன. ஆழமாக வெட்டினால் மங்கு விரைவில் நிறையும் என்னும் ஆசை எழுவதற்குக் காரணம் இதுவே. ஆயினும் வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே கத்தி நிற்கவேண்டும். தாயணுக்கள் காயமுற்றால் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னாளில் அதன்மீது கத்தி சீராக ஓடாது. அந்த நிரையை வெட்டுபவருக்கு உழைப்பு மிகும், பால் குறையும்.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராயிருந்த ரிட்லி, 1890களில் வளர்படையைத் தீண்டாமல் மெல்லச் சீவும் முறையை வகுத்தார். நம் நாட்டு ரப்பர்த் தொழில் வேரூன்ற அம்முறை பெரிதும் துணைநின்றது.

ஒட்டுக்கன்று கட்டும்போது தாய்மரத்து மொட்டைக் கன்றோடு பிணைப்பதும் வளர்படை அணுக்களே. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என நாம் அறிந்த மரங்கள் யாவும், ஒரே தாய்மரத்தின் அணுக்கள் இவ்வாறு பிரிந்து பிரிந்து பெருகி வந்தவையே.