மாற்றிய ஓல்ரனேற்றர் சத்தமிடுவது ஏன்?



மின்காந்தத் தூண்டல், ஒலி, உராய்வு ஆகியவற்றை நீங்கள் வெவ்வேறு அலகுகளிற் கற்றிருப்பீர்கள். பிரயோக வினாவொன்றில் இவை மூன்றும் ஒரே பொறியிற் சேர்ந்து வரலாம். அத்தகைய ஒரு சந்தர்ப்பத்தை இங்கு நோக்குவோம்.

சந்தர்ப்பம்

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வானொன்றின் பற்றரி மின்னேற்றப்படவில்லை. சாரதி ஓல்ரனேற்றரைக் கழற்றுவித்து, பாவித்த வேறொன்றை வாங்கிப் பூட்டுவித்தார். மறுநாட் காலை எஞ்சினை இயக்கியதும் "கீச்" என்ற சத்தம் கேட்டது. முன்விளக்குகளைப் போட்டதும் அது இன்னும் கூடியது. "இதுவும் பழுது, வேறொன்று போடவேண்டும்" என்று கூறப்பட்டது. ஏற்கெனவே பணம் செலவழித்த அவர் மீண்டும் செலவழிக்கத்தான் வேண்டுமா?

1. தொழிற்படும் விதம்

எஞ்சினின் கிராங்க் தண்டிலுள்ள கப்பி, பெல்ற் மூலம் ஓல்ரனேற்றரின் கப்பியைச் சுழற்றுகின்றது. உள்ளே சுழலும் மின்காந்தம், அதைச் சூழவுள்ள நிலையான சுருள்களில் ஆடலோட்டத்தைத் தூண்டுகின்றது. 1831 இல் மைக்கல் பரடே கண்டறிந்த தத்துவம் இதுவேயாகும். இந்த ஆடலோட்டத்தை இருவாயிகள் நேரோட்டமாகச் சீராக்குகின்றன. சுழலும் தண்டின் இரு முனைகளையும் பெயாரிங்குகள் தாங்குகின்றன.

2. ஒலியும் காரணமும்

ஒலியின் சிறப்பியல்புகளான சுருதி, உரப்பு, பண்பு ஆகியவை காரணத்தைக் காட்டித் தருகின்றன.

(அ) உயர் சுருதியுள்ள "கீச்" ஒலி: எஞ்சினை இயக்கும்போதும் மின்சுமை கூடும்போதும் எழும். கப்பியில் பெல்ற் வழுக்குவதே காரணம்.

(ஆ) குருவி கத்துவதுபோல் விட்டுவிட்டு வரும் ஒலி: கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமை.

(இ) உறுமும் அல்லது அரைக்கும் ஒலி: எஞ்சினின் வேகத்துடன் கூடும், விளக்குகளைப் போட்டாலும் பெரிதாக மாறாது. பெயாரிங் தேய்ந்திருக்கலாம்.

(ஈ) ரீங்கார ஒலி: மின்சுமையுடன் கூடும். இருவாயியோ சுருளோ பழுதடைந்திருக்கலாம்.

(உ) கடகட ஒலி: பொருத்தும் ஆணிகள் இறுக்கப்படாமை.

விளக்கைப் போட்டால் சத்தம் கூடுவது ஏன்? 55 வாற்று விளக்குகள் இரண்டு 110 வாற்று வலுவைப் பெறுகின்றன. வோல்ற்றளவு 14 ஆயின், மின்னோட்டம் = 110 ÷ 14 = ஏறத்தாழ 7.9 அம்பியர். இந்த மின்சக்தி பொறிமுறைச் சக்தியிலிருந்தே கிடைக்கவேண்டும் என்பது சக்திக் காப்பு விதியாகும். எனவே ஓல்ரனேற்றரைச் சுழற்றக் கூடிய விசை தேவைப்படுகின்றது. தளர்ந்த பெல்ற்றின் உராய்வு அதற்குப் போதாதபோது அது வழுக்கிச் சத்தமிடுகின்றது.

3. சோதிக்கும் ஒழுங்கு

ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கவேண்டும். பலவற்றை ஒருமிக்க மாற்றினால் எது காரணம் என்று கூறமுடியாது.

படி 1: எஞ்சினை நிறுத்தி, பெல்ற்றில் வெடிப்பு, பளபளப்பு உண்டா என நோக்குக. பெருவிரலால் அழுத்தி இழுவையை அறிக. நேர்விளிம்பொன்றை வைத்துக் கப்பிகள் நேராக உள்ளனவா எனப் பார்க்க.

படி 2: எஞ்சின் இயங்கும்போது பெல்ற்றின் உட்பக்கத்தில், தூர நின்று, சிறிதளவு நீரைத் தெளிக்க. சத்தம் சற்றுநேரம் குறைந்தால் கப்பிகள் நேராக இல்லை எனவும், கூடினால் பெல்ற் வழுக்குகின்றது எனவும் கருதலாம்.

படி 3: எஞ்சினை நிறுத்திப் பெல்ற்றைக் கழற்றி, ஓல்ரனேற்றரின் கப்பியைக் கையாற் சுழற்றுக. கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பெயாரிங் பழுதாகும்.

படி 4: பற்றரியின் முனைகளில் வோல்ற்றளவை அளக்க. எஞ்சின் நிற்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், இயங்கும்போது பொதுவாக 13.8 – 14.5 வோல்ற்றும் இருக்கும். எஞ்சின் இயங்கும்போது மானியை ஆடலோட்ட நிலைக்கு மாற்றியபின் 0.5 வோல்ற்றுக்கு மேற் காட்டினால் இருவாயியைச் சந்தேகிக்கலாம்.

எச்சரிக்கை: இவற்றைத் தொழில் தெரிந்தவரே செய்யவேண்டும், நீங்கள் அருகில் நின்று அவதானிக்கலாம். தளர்ந்த ஆடை, தலைமுடி என்பன சுழலும் பாகங்களை நெருங்கக்கூடாது. எஞ்சின் இயங்கும்போது பற்றரியின் முனையைக் கழற்றக்கூடாது. அவ்வாறு செய்தால் வோல்ற்றளவு திடீரென உயர்ந்து இருவாயிகள் பழுதடையலாம்.

4. முடிவு

நமது வானில் கப்பிகள் நேராக இருந்தன. கையாற் சுழற்றியபோது கரகரப்பு இல்லை. நீர் தெளித்ததும் சத்தம் கூடியது. பெருவிரலால் அழுத்தியபோது பெல்ற் மிகவும் தாழ்ந்தது. ஆகவே பழுது ஓல்ரனேற்றரில் அன்று. திரும்பப் பூட்டும்போது பெல்ற் போதியளவு இறுக்கப்படவில்லை. உரிய அளவுக்கு இறுக்கியதும் சத்தம் நின்றது. வோல்ற்றுமானி 14.2 எனக் காட்டியது. இன்னொரு ஓல்ரனேற்றர் தேவைப்படவில்லை.

இங்கு இரு விடயங்களை மனதிற் கொள்க. பெல்ற்றை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பெயாரிங் விரைவில் தேயும். சத்தத்தைப் பொருட்படுத்தாது விட்டால் பெல்ற் சூடேறி அறுந்துபோகலாம். பல வாகனங்களில் நீர்ப்பம்பியையும் அதே பெல்ற் சுழற்றுவதால், எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகி, பிள்ளைகளுடன் வான் நடுவீதியில் நின்றுவிடும்.

5. மாதிரி வினா

கிராங்க் கப்பியின் விட்டம் 150 மி.மீ. பழைய ஓல்ரனேற்றரின் கப்பி 60 மி.மீ, மாற்றியதன் கப்பி 50 மி.மீ. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொன்றும் எத்தனை சுற்றுகள் சுழலும்? (பெல்ற் வழுக்கவில்லை எனக் கொள்க.)

விடை: பழையது 800 × 150 ÷ 60 = 2000 சுற்றுகள். மாற்றியது 800 × 150 ÷ 50 = 2400 சுற்றுகள்.

வேகம் கூடினால் அதிர்வின் மீடிறனும் சுருதியும் கூடும். ஆகவே, பழுதே இல்லாத ஓல்ரனேற்றரும் முன்னையதிலும் கீச்சுக் குரலில் ஒலிக்கலாம். வாங்கும்போதே கப்பிகளின் விட்டத்தை ஒப்பிடுவது நல்லது.

மாணவர்களே, இத்தகைய வினாவுக்கு "ஓல்ரனேற்றர் பழுது" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லாதீர்கள். அவதானம், கருதுகோள், சோதனை, முடிவு என்ற ஒழுங்கில் எழுதுங்கள். அந்தச் சாரதியை வீண் செலவிலிருந்து காத்ததும் இந்த ஒழுங்கேயாகும்.