கலமும் காவலும்

சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. சாத்தூர் வழியாகச் செல்லும் வைப்பாற்றிலும் ஆண்டின் பெரும்பகுதி மணலே காட்சியளிக்கும். இத்தகைய நிலத்தில் வாழ்வோர் படகைப் பற்றி அறிவதால் வரும் பயன் யாது என்று சிலர் வினவலாம். பட்டாசுத் தொழிலை அறிந்தவர்க்குப் படகின் காவல் முறைகள் எளிதில் விளங்கும். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே; அஃது அளவு மீறாமை.

பட்டாசு ஆலைகளில் வேலைக் கூடங்கள் இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டப்படுகின்றன. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருந்து வேலை செய்தல் கூடாது என்பது விதி. அறையில் வைக்கும் மருந்துக்கும் அளவு உண்டு. ஓரிடத்தில் தீப்பற்றினாலும் அழிவு பரவாதிருத்தற்கே இவ்விதிகள் ஏற்பட்டன. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டனர். அளவு என்பது ஏட்டில் எழுதிவைக்கும் எண் அன்று. உயிரைக் காக்கும் வேலி என்பதை அந்நாள் உணர்த்திற்று.

படகிற்கும் அத்தகைய வேலி உண்டு. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. ஏறுவோர் தொகை பெருகப் பெருகப் படகு தாழ்கிறது. நீர்மட்டத்திற்கும் படகின் விளிம்பிற்கும் உள்ள இடைவெளி குறைகிறது. அந்நிலையில் சிற்றலையும் உள்ளே நீரைக் கொட்டிவிடும். படகில் இருப்போர் எழுந்து நின்றால் அதன் ஈர்ப்பு மையம் உயர்கிறது. ஒரு பக்கமாகத் திரண்டால் அம்மையம் நடுவினின்று விலகுகிறது. இரண்டும் சேர்ந்தால் படகு கவிழ்தல் எளிது.

2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் சென்ற அடுக்குப் படகு ஒன்றில், கரையில் தோன்றிய விலங்குகளைக் காணும் ஆவலால் மக்கள் ஒரு பக்கமாக நகர்ந்தனர். படகு சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர் உயிரிழந்தனர். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பழவேற்காடு ஏரியில் உலாவச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கினர். புயலின் சீற்றத்தில் நேர்ந்தவை அல்ல இவை. மகிழ்ச்சியாக உலாவச் சென்ற வேளையில் நேர்ந்தவை. ஆதலின், அமைதியான நீர் என்று எண்ணி உயிர்காப்புச் சட்டையை ஒதுக்குதல் தவறு. சட்டை இருக்கையின் அடியில் கிடப்பதால் பயனில்லை. ஏறுமுன்பே அணிந்து வார்களை இறுக்கிக் கட்டுதல் வேண்டும். கவிழ்ந்த பின் அதைத் தேட நேரம் இராது.

இவ்வொழுங்கைப் பாய்மரப் படகுக் கழகங்களில் நன்கு காணலாம். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக விளங்கிய பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பார், 1911-ஆம் ஆண்டு அங்கு அத்தகைய கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்னும் பெயருடன் அஃது இன்றும் இயங்கிவருகிறது. பாய்மரப் படகு பயில்வோர் கவிழ்ந்த படகை நிமிர்த்தும் முறையைத் தொடக்கத்திலேயே கற்கின்றனர். பயிற்சியின்போது காவற் படகு ஒன்று உடன் செல்லும். எவர் சென்றார், எவர் திரும்பினார் என்பதைக் கரையில் குறித்துவைப்பது நல்ல வழக்கம். துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறினால் படகுகள் கரையிலேயே நிற்றல் வேண்டும்.

படகினைப் போலவே அது வந்து சேரும் துறையும் பேணத்தக்கது. உப்புநீரில் இரும்பாணிகள் துருவேறுகின்றன. கப்பற்புழு மரத்தூண்களை உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. வெளியே உறுதியாகத் தோன்றும் தூணும் உள்ளே கூடாக இருத்தல் கூடும். ஆகவே, தட்டியும் குத்தியும் பார்த்தே அதன் வலிமையை அறிதல் வேண்டும். படிகளில் படரும் பாசியை அவ்வப்போது சுரண்டி எடுத்தலும், உராய்ந்து நைந்த கயிறுகளை மாற்றுதலும் இன்றியமையாதன. படகு மோதித் தேயாதவாறு துறையின் ஓரத்தில் பழைய டயர்களைத் தொங்கவிடுவர். நீரில் விழுந்தார்க்கு வீசும் மிதவை வளையம் கயிற்றுடன் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். அதைப் பூட்டி வைத்தல் இல்லாமைக்கு ஒப்பாகும்.

கடலுக்கும் பட்டாசுக் கலைக்கும் மற்றோர் உறவும் உண்டு. இடருற்ற கலத்தார் உதவி வேண்டிச் செந்நிற ஒளிக்கணைகளை வானில் ஏவுவர். அக்கணை 300 மீட்டருக்குக் குறையாத உயரம் சென்று, சிறு குடை விரித்து, 40 நொடிகளேனும் எரிந்துகொண்டே இறங்கும். தீபாவளி மத்தாப்பிற்குச் சிவப்பு நிறம் தரும் ஸ்ட்ரான்சியம் உப்பே அதற்கும் நிறம் தருகிறது. ஓரிடத்தில் குழந்தையை மகிழ்விக்கும் சுடர், மற்றோரிடத்தில் தவிக்கும் உயிருக்குத் துணையாகிறது. காலங்கடந்த கணை உரிய வேளையில் எரியாது போகலாம். அதனால் குறித்த ஆண்டு முடிந்ததும் அதை மாற்றிவிடுதல் முறை.

தீயும் நீரும் மனிதனுக்கு ஏவல் செய்யும் ஆற்றல்கள். அளவு அறிந்தார்க்கு அவை அடங்கி நிற்கும். நால்வர் இருக்கவேண்டிய அறையில் ஐந்தாமவராக நுழையாதவரும், நிறைந்த படகில் ஏறாது அடுத்த படகிற்குக் காத்திருப்பவரும் தம்மை மட்டுமன்றிப் பிறரையும் காப்பவர் ஆவர். அக்காத்திருத்தல் சில நிமிடங்களே; அதனால் காக்கப்படும் உயிர்களோ பல.