தொப்புள்கொடி காட்டும் வேறுபாடு

பிறந்த குழந்தையின் குடல் வயிற்றுக்கு வெளியே கிடப்பதைக் காண்போருக்கு அது ஒரே கோளாறாகத் தோன்றினாலும், வயிற்றுச்சுவர் முழுமையாக மூடாமல் போவதில் முதன்மையாக இரண்டு வகைகள் உண்டு. அவற்றின் காரணமும் ஆபத்தும் மருத்துவமும் வேறு வேறு. நீண்ட காலம் குழம்பிக் கிடந்த இவ்விரண்டையும் 1953-இல் மூர், ஸ்டோக்ஸ் என்னும் அறுவை மருத்துவர்கள் தெளிவாகப் பிரித்துக் காட்டினர்.

கருவின் ஆறாவது வாரத்தில், குடல் வயிற்றறையைக் காட்டிலும் விரைந்து வளர்வதால், தொப்புள்கொடியின் அடிப்பகுதிக்குள் இறங்கி, அங்கேயே சுழன்று, ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரத்துக்குள் வயிற்றுக்குத் திரும்பிவிடுகிறது. இந்தத் திரும்புதல் நிகழாமல் தொப்புள் வளையம் அகன்றே நின்றுவிடுவது ஓம்ஃபலோசீல் எனப்படும். இதில் குடலையும், சில வேளைகளில் கல்லீரலையும், ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வுப்பை மூடியிருக்க, கொடி அந்தப் பையின் உச்சியில் பொருந்தியிருக்கும். பை காப்பதால் வயிற்றுக் குறையைவிட அதனுடன் வரும் பிற குறைகளே பெரும்பாலும் குழந்தையின் கதியைத் தீர்மானிக்கின்றன. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இதயக் கோளாறோ, குரோமோசோம் மாற்றமோ, வேறு பிறவிக் குறையோ இருப்பதுண்டு. நாக்கு பெரிதாகவும் உடல் பருத்தும் இருந்தால், பெக்வித்–வீடமான் என்னும் நோய்த்தொகுப்பை ஐயுற்று, இரத்தச் சர்க்கரையை உடனே பார்க்கவேண்டும். அது சட்டென்று இறங்கி மூளையைத் தாக்கக்கூடும்.

கேஸ்ட்ரோஸ்கைசிஸ் எனப்படும் இரண்டாம் வகையில் கொடி தனக்குரிய இடத்தில் இயல்பாகவே இருக்கும். அதன் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறத்தில், நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான பிளவு வழியாகக் குடல் எந்த உறையுமின்றி வெளிவந்து, மாதக்கணக்கில் பனிக்குட நீரில் ஊறியதால் தடித்து, மேலே மங்கிய படலம் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் காணப்படும். இருபது வயதுக்குட்பட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இது மிகுதி. குடலடைப்பைத் தவிர வேறு உறுப்புக் குறைகள் அரிது.

ஓம்ஃபலோசீலின் பை கிழிந்துவிட்டாலும் கொடி பொருந்திய இடமும் ஓரங்களில் எஞ்சிய சவ்வும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். கொடியின் அடி வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தால், சிறு குடல்வளையம் ஒன்று உள்ளே இருக்கலாம் என்பதால், கொடியை இறுக்கும் கிளிப்பை அங்கே போடாமல் வெகுதூரம் தள்ளிப் போடவேண்டும். இதைக் கவனிக்காததால் குடலே நசுங்கிய குழந்தைகள் உண்டு. கொடி விழுந்தபின் தோல் மூடிய நிலையில் புடைக்கும் சாதாரணத் தொப்புள் குடலிறக்கம் இவற்றில் சேராது. அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும்.

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை போன்ற ஊர்களில் இந்த வேறுபாட்டை உணர்வது மிக அவசியம். குழந்தை அறுவை மருத்துவர் உள்ள பெங்களூரு தங்கவயலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். கேஸ்ட்ரோஸ்கைசிஸ் குழந்தை திறந்த குடல் வழியாக வெப்பத்தையும் நீரையும் விரைவாக இழப்பதால், ஈரத்துணி சுற்றுவது குளிரையே கூட்டும். கிருமிநீக்கிய பிளாஸ்டிக் பைக்குள் மார்பு வரை வைத்து, குடலின் இரத்தக்குழாய்கள் முறுக்கிக்கொள்ளாதபடி வலப்பக்கம் சாய்த்து, வாய்வழிக் குழாயால் இரைப்பையைக் காலியாக்கி, சிரை வழியே நீர் ஏற்றிக் கதகதப்பாக அனுப்புவதே முறை. 74 நாடுகளின் மருத்துவமனைகளை உள்ளடக்கி 2021-இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வின்படி, கேஸ்ட்ரோஸ்கைசிஸ் இறப்பு செல்வ நாடுகளில் 1.4 விழுக்காடு, நடுத்தர வருவாய் நாடுகளில் 31.9 விழுக்காடு. குறை ஒன்றே, இடையில் நிற்பது பராமரிப்பு மட்டுமே என்பது வேதனைக்குரியது.

இவ்விரண்டும் கருவுற்ற 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே கர்ப்பிணிகள் அந்த ஸ்கேனைத் தவறவிடாமல் எடுத்து, குறை தெரிந்தால் பெங்களூரின் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவ நிலையம் போன்ற, குழந்தை அறுவை மருத்துவர் உள்ள இடத்தோடு முன்னதாகவே தொடர்புகொண்டு, பிரசவத்தையும் அதன் அருகிலேயே திட்டமிட வேண்டும்.