மூணு வலை, ஒரு கேன் டீசல்

எங்க ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகக்கூடாது. கரையில் உட்கார்ந்து புகையைப் பார்ப்போம்.

அப்படியொரு நாளுக்கு மறுநாள், மூணு இடத்தில் போட்ட வலையை எடுக்க நானும் நைனாவும் போனோம். "கிட்ட இருக்கறத முதல்ல எடுத்துடலாம்"னு சொன்னவன் நான். கடைசி வலைக்கு எதிர்நீரில் போகவேண்டியதாகி, பாதி வழியில் டீசல் காலி. இருட்டினபிறகு சித்தப்பா போட் வந்து கயிறு கட்டி இழுத்து வந்தது. அந்த வலை போனது போனதுதான். என் பரீட்சை ஃபீஸும் அதோடு போச்சு.

ஒரே விண்கலத்தைப் பல சிறுகோள்களுக்கு அனுப்புகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். ஐந்து சிறுகோள் என்றால் 120 வரிசையில் போகலாம். பத்து என்றால் 36,28,800! என் வலையாவது போட்ட இடத்தில் கிடக்கும். சிறுகோளோ சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். எந்த வரிசை என்பதோடு, எந்தத் தேதியில் கிளம்புவது என்றும் பார்க்க வேண்டும். இதுபோன்ற பாதைக் கணக்குகளுக்காக 2005-ல் ஐரோப்பிய விண்வெளி அமைப்பு ஒரு உலகப் போட்டியைத் தொடங்கியது.

அங்கே தூரம் செலவில்லை, எஞ்சினை அணைத்தாலும் கலம் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தை மாற்றுவதுதான் செலவு. எங்க கரைக்கு எதிரே 2013 நவம்பர் 5-ல் கிளம்பிய மங்கள்யானின் எடை 1337 கிலோ, அதில் 852 கிலோ எரிபொருள். நேரே செவ்வாய்க்கு வீச பி.எஸ்.எல்.வி.க்குத் தெம்பு போதாது. அதனால் கலம் பூமிக்கு அருகில் வரும்போதெல்லாம் எஞ்சினை எரித்தார்கள். ஏன் அங்கே? அரை எம் வி ஸ்கொயர் ஞாபகம் இருக்கா? அங்கேதான் வேகம் அதிகம். ஏற்கெனவே வேகமாய் ஓடும்போது கொஞ்சம் கூட்டினாலும் ஆற்றல் நிறைய ஏறும். டிசம்பர் 1 அதிகாலையில் 22 நிமிடம் எரித்ததும் பூமியை விட்டுக் கிளம்பிவிட்டது.

நாசாவின் 'டான்' இன்னும் சிக்கனம். 2007-ல் கிளம்பி, 2009-ல் செவ்வாயின் ஈர்ப்பில் ஓசி வேகம் வாங்கி, 2011-ல் வெஸ்டாவையும் 2015-ல் சீரீஸையும் சுற்றியது. 425 கிலோ செனான் வாயு. அயனி எஞ்சினின் தள்ளுவிசை உள்ளங்கையில் வைத்த ஒரு தாளின் கனம்தான். ஆனால் வருஷக்கணக்கில் தள்ளும். 2018-ல், ஆண்டெனாவைப் பூமி பக்கம் திருப்பி வைக்கும் ஹைட்ரசின் தீர்ந்து பேச்சு நின்றது. கலம் இன்னமும் சீரீஸைச் சுற்றுகிறது.

இதை நைனாவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்தார்.

"ரெண்டு வலையையும் எடுத்துட்டுத்தானே நின்னுச்சு?" என்றார்.