கசாக்கு எழுத எடுத்துக்கொண்ட காலம்

கேரளத்தில் பாலக்காட்டின் தஸ்ராக் கிராமத்துக்கு மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன் வந்தது 1950களில். ஓராசிரியர் பள்ளியில் அவருடைய தங்கை பாடம் நடத்திய ஊர் அது. இடதுசாரி நம்பிக்கையோடு ஒரு புரட்சி நாவல் எழுதுவதே அவருடைய திட்டம். 1956இல் ஹங்கேரி எழுச்சி சோவியத் படைகளால் நசுக்கப்பட்டது; பின்னர் அந்நாட்டின் பிரதமராக இருந்த இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டார். விஜயனின் நம்பிக்கை ஆட்டம் கண்டது, திட்டமும் மாறியது. அந்த மாற்றத்திலிருந்து பிறந்த ‘கசாக்கின் இதிகாசம்’ நாவல் 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969இல் நூலானது. நம்பிக்கை சரிந்த பின் எழுத்தாளர் முதலில் செய்யவேண்டியது பழைய திட்டத்தைக் கைவிடுவதுதான் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

விஜயனுக்கு டெல்லியில் கார்ட்டூன் வேலை இருந்தது, அதனால் நாவலுக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது என்று ஒருவர் வாதிடலாம். உண்மைதான், சம்பளம் தந்த அவகாசத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. (நம் இலக்கியப் பேச்சுகளில் வாடகையும் மளிகைக் கடனும் ஏனோ வருவதேயில்லை.) ஆனால் சம்பளம் நேரத்தைத்தான் தரும், நாவலைத் தராது. அடுத்த தடை அரசியலிலிருந்து வந்தது. 1975இல் தொடராக வரவிருந்த ‘தர்மபுராணம்’ நெருக்கடிநிலையால் நின்றது. அதிகாரத்தைக் கடுமையாகக் கேலி செய்த அந்நாவல் நூலானது 1985இல். இம்முறை அவர் திட்டத்தை மாற்றவில்லை, காத்திருந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் முற்றிலும் வேறு தொனியில் ‘குருசாகரம்’ நாவல் வந்தது. தமிழில் கசாக்கைப் படிக்க விரும்புவோருக்கு யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பு இருக்கிறது.