பதில் வராத நாட்களில் திலகவதியார் என்ன செய்தார்?

'கும்பிடாத கோயில் இல்லை, வேண்டாத தெய்வம் இல்லை. ஆனாலும் என் வீட்டுக்கு மட்டும் ஏன் இப்படி?'

இந்தக் கேள்வி எழாத குடும்பங்கள் குறைவு. நோயில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. கோபித்துக்கொண்டு போன பிள்ளை போனைக்கூட எடுப்பதில்லை. அந்த நேரத்தில், 'கடவுளை நம்பு, எல்லாம் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால், ஆறுதலைவிட எரிச்சல்தான் வரும். நம்புவது என்றால் என்ன செய்வது? காலையில் எழுந்ததும் எதைச் செய்வது?

இதற்கு விடை தேடுபவர்கள், 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரின் வரலாற்றைப் படிக்கலாம். அதில் நம் கண்கள் நாவுக்கரசர் மீதே நிற்கும். ஒருமுறை அவருடைய அக்கா திலகவதியாரைப் பார்ப்போம்.

அடுத்தடுத்து மூன்று இழப்புகள்

பண்ருட்டிக்கு அருகே உள்ள திருவாமூர்தான் சொந்த ஊர். தந்தை புகழனார், தாய் மாதினியார். மூத்தவர் திலகவதியார். அவருக்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த தம்பி மருணீக்கியார்.

திலகவதியாருக்கு 12 வயதானபோது, அரசரின் படைத்தலைவரான கலிப்பகையார் அவரைப் பெண் கேட்டார். பெற்றோரும் சம்மதித்தார்கள். திருமணம் நடக்கும் முன்பே, அரசரின் ஆணைப்படி மாப்பிள்ளை போருக்குப் போக வேண்டி வந்தது. போர் நீண்டது. இதற்கிடையே தந்தை இறந்தார். கணவரைப் பிரிந்து வாழ மனமில்லாத தாயும் உயிர் நீத்தார். அந்தத் துக்கம் ஆறும் முன்பே, கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தியும் வந்து சேர்ந்தது.

திலகவதியார் உயிரை விட்டுவிடுவது என்றே முடிவு செய்தார். தம்பி அக்காவின் காலில் விழுந்து அழுதான். 'அப்பாவும் அம்மாவும் போன பிறகு, உங்களைத்தான் அவர்களாக நினைத்து இருக்கிறேன். நீங்களும் போவதென்றால், உங்களுக்கு முன்னால் நான் போய்விடுகிறேன்' என்றான். அந்தச் சிறுவனுக்காக அவர் உயிரோடு இருக்கச் சம்மதித்தார்.

இத்தனை நல்லவர்களுக்கு ஏன் இத்தனை சோதனை என்பதற்குச் சேக்கிழார் சமாதானம் எதுவும் தேடவில்லை. 'எல்லாம் நன்மைக்கே' என்று திலகவதியார் வாயால் சொல்ல வைக்கவும் இல்லை. துக்கத்தைத் துக்கமாகவே சொல்கிறார். நம் வீட்டில் ஓர் இழப்பு நேரும்போது நாமும் உடனே காரணம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அழுவதால் பக்தி குறைந்துவிடாது.

நான்காவது துயரம்

யாருக்காக உயிரோடு இருந்தாரோ, அந்தத் தம்பியும் ஒரு நாள் விலகிப் போனார். வளர்ந்த மருணீக்கியார், உலக வாழ்வின் நிலையாமையை எண்ணி அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும் வைத்தார், குளம் வெட்டினார். பிறகு உண்மையைத் தேடிச் சமண சமயத்தில் சேர்ந்தார். பாடலிபுத்திரம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்ற பெயரோடு தலைமை நிலைக்கு உயர்ந்தார்.

இதை இரண்டு சமயங்களின் சண்டையாக மட்டும் படித்தால் அக்காவின் வேதனை நமக்குத் தெரியாமல் போய்விடும். அவருக்கு உலகில் மிஞ்சியிருந்த ஒரே உறவு தம்பிதான்.

அவர் என்ன செய்தார்? தம்பியின் பின்னால் போய் வாதாடவில்லை. கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்துக்கு வந்தார். பொழுது விடியும் முன்பே எழுந்து கோயிலைப் பெருக்கினார். சாணமிட்டு மெழுகினார். பூப்பறித்து மாலை தொடுத்தார். தம்பியை மீட்டுத் தரும்படி இறைவனிடம் பலமுறை முறையிட்டார். முறையீட்டுக்குப் பதில் வராத நாட்களிலும் விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை.

நம்பிக்கைக்கு இதைவிட எளிய விளக்கம் கிடைக்காது. நாளை என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது. இன்றைக்குச் செய்ய வேண்டியது மட்டும் தெரியும். மனம் உடைந்திருக்கும்போது பெரிய விரதங்கள் முடியாமல் போகலாம். வாசல் தெளித்து விளக்கேற்றுவது, வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறாக்குவது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கித் தருவது போன்ற சின்ன வேலைகள்தான் அன்றைய நாளைக் கடத்திவிடும்.

வலியாக வந்த பதில்

கடைசியில், 'கவலைப்படாதே, சூலை நோய் தந்து அவனை ஆட்கொள்வேன்' என்று இறைவன் கனவில் சொன்னதாகச் சேக்கிழார் பாடுகிறார். தம்பி நலமாகத் திரும்ப வேண்டும் என்று கேட்டவருக்கு, நோயாக வந்தது பதில்.

வயிற்று வலியில் துடித்த தம்பி, சமையல்காரரை அக்காவிடம் அனுப்பினார். 'அங்கே நான் வர மாட்டேன்' என்று திலகவதியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். இரவோடு இரவாகத் தம்பியே வந்து காலில் விழுந்தபோது, 'இத்தனை நாள் எங்கே போனாய்?' என்று அவர் கேட்கவில்லை. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு தந்தார். வழக்கம்போல விளக்குமாறும் சாணமும் எடுத்துக்கொண்டு விடியலில் கோயிலுக்குக் கிளம்பியவர், தம்பியையும் கூட அழைத்துப்போனார். அங்கேதான் அவருடைய முதல் பதிகம் பிறந்தது. வலியும் நீங்கியது, நாவுக்கரசர் என்ற பெயரும் கிடைத்தது.

தன் எல்லையை விட்டுக்கொடுக்காமலேயே வாசற்கதவைத் திறந்து வைத்திருந்தார் அந்த அக்கா. பிள்ளைகளோடு மனத்தாங்கல் உள்ள பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. திரும்பி வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'சாப்பிட்டாயா?' என்பதுதான்.

ஆனால், பெற்றோரும் கலிப்பகையாரும் திரும்பி வரவில்லை. அந்த இழப்புகளுக்கு ஈடாக எதுவும் அவருக்குக் கிடைக்கவும் இல்லை. தம்பி 63 நாயன்மார்களில் ஒருவர் ஆனார். அக்காவின் பெயர் அந்த வரிசையில்கூட இல்லை. ஆனாலும், ஒரு காலத்தில் அக்காவின் உயிரைத் தடுத்து நிறுத்திய தம்பியை, பின்னாளில் அக்கா தாங்கிப்பிடித்தார். அன்று அவர் உயிரை விட்டிருந்தால் நமக்கு நாவுக்கரசர் கிடைத்திருக்க மாட்டார்.

நாவுக்கரசரின் திருவுருவத்தில் கையில் உழவாரப்படை இருக்கும். கோயில் தரையில் முளைக்கும் புல்லைச் செதுக்கும் கருவி அது. அக்கா பெருக்கிய திருமுற்றங்களை, தம்பி ஊர் ஊராகப் போய்ச் சுத்தம் செய்தார். அடுத்த முறை சிவாலயத்தில் அவரைக் கும்பிடும்போது, திலகவதியாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.