சுபுஹுக்கு எழ முடியவில்லையா? இரவிலிருந்து தொடங்குவோம்



"மூன்று அலாரம் வைத்தும் மகன் எழுவதில்லை." மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் பெற்றோர் பலர் நம்மிடம் சொல்லும் குறை இது. பையனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன்பு, உறக்கம் எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, நாளின் நேரத்தைக் கணக்கிடும் சிறு பகுதி ஒன்றை அல்லாஹ் அமைத்திருக்கிறான். இருட்டியதும் மெலடோனின் சுரந்து, உடல் உறக்கத்துக்குத் தயாராகிறது. விடியும் நேரத்தில் கார்ட்டிசால் கூடி, எழுவதற்குத் தயாராகிறது. இந்த உடல் கடிகாரம் செல்களுக்குள் இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஜெர்மனியில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. காலை 6 மணிக்கு எழுப்புவோம் என்று சொல்லி உறங்க வைக்கப்பட்டவர்களின் உடலில், அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே விழிப்புக்கான ஹார்மோன் கூடத் தொடங்கியது. "இத்தனை மணிக்கு எழ வேண்டும்" என்று எண்ணிப் படுப்பது வீணாவதில்லை. தினமும் ஒரே நேரத்தில் படுத்து எழும் நம் பெரியவர்கள் பாங்கு சொல்லும் முன்பே கண் விழிப்பதற்கும் இந்தக் கடிகாரம்தான் காரணம்.

நமக்கு ஒரு வசதி

லண்டனில் கோடையில் காலை 5 மணிக்கு முன்பே சூரியன் உதிக்கும். குளிர்காலத்தில் 8 மணியாகிவிடும். தாமிரபரணிக் கரையில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 6 மணிக்கும் 6.40க்கும் இடையில்தான். சுபுஹு நேரமும் அதையொட்டியே சிறிதளவு மாறுகிறது. அதனால் ஒரே நேரத்தில் எழும் பழக்கம் நமக்கு எளிது.

பையன் ஏன் எழுவதில்லை?

பருவ வயதில் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது. அதனால் 15 வயதுப் பையனுக்கு இரவில் சீக்கிரம் உறக்கம் வராது. ஆனால் அவனுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இதோடு செல்போன் வெளிச்சமும் சேர்ந்தால் படுக்க 12 மணி ஆகிவிடுகிறது. 5 மணிக்கு அலாரம் அடிக்கும்போது அவன் ஆழ்ந்த உறக்கத்தில் கிடப்பான். கை தானாக நீண்டு அலாரத்தை அமர்த்திவிடும். எழுந்த பிறகு அது நினைவிலும் இருக்காது.

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று ஹதீஸில் வருகிறது. நம் வீடுகளில் இப்போது அந்தப் பேச்சின் இடத்தில் செல்போன் இருக்கிறது.

செய்யக் கூடியவை

* இஷா தொழுது, சாப்பிட்டதும், வீட்டில் எல்லோருடைய போனும், வாப்பாவின் போன் உட்பட, ஓரிடத்தில் இருக்கட்டும்.
* அலாரத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். ஒரே அலாரம் போதும்.
* விடுமுறை நாளிலும் எழும் நேரத்தை மாற்ற வேண்டாம்.
* எழுந்ததும் விளக்கைப் போடுங்கள். தொழுத பின் வெளிச்சத்தில் சிறிது நடங்கள்.
* பகலில் 20 நிமிட கைலூலா உறக்கம் குறையை ஓரளவு ஈடு செய்யும்.
* பலத்த குறட்டை, மூச்சுத் திணறி விழித்தல், பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது நோயாக இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. கைபரிலிருந்து திரும்பும் வழியில், எழுப்பிவிடும் பொறுப்பை ஏற்றிருந்த பிலால் (ரலி) அவர்களே கண்ணயர்ந்துவிட்டார்கள். வெயில் பட்டுத்தான் எல்லோரும் விழித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் பிலாலைக் கடிந்துகொள்ளவில்லை. சற்றுத் தள்ளிச் சென்று தொழ வைத்தார்கள். நம் பிள்ளைகளையும் அந்தக் கனிவோடு எழுப்புவோம். அதற்கு அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.